பார்டரைச் சொல்லாமல் பஸ் டிக்கெட் விற்காதீர்கள்: இராமநாதபுரம் கடற்கரைப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழக்கரை, பெரியபட்டினம், இராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி ஊர்களில் சிங்கப்பூர்–மலேசியா டூர் விற்கும் பயண முகவர்களுக்கு,

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்ஸில் இனிமேல் குழுவோடு வழிகாட்ட ஆள் அனுப்புவதில்லை என்று உங்களில் பலர் முடிவு செய்திருக்கிறீர்கள். திருச்சியில் விமானம் ஏற்றிவிடுகிறீர்கள். சிங்கப்பூரில் ஒருவர் பெயர் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோலாலம்பூரில் வேன் வந்து நிற்கிறது. நடுவில், இரண்டு நாட்டு இமிகிரேஷனையும் தாண்ட வேண்டிய அந்த 350 கிலோமீட்டருக்கு மட்டும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் கொடுக்கிறீர்கள். அந்தத் தாளிலும் பஸ்ஸைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: ஏசி பஸ்ஸில் மலேசியா பயணம்.

இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியவில்லை. நாங்கள் இந்த ஊர்களில் பயணிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள். அங்கே வேலை பார்த்து, அந்தப் பார்டரைப் பல தடவை கடந்து, ஊர் திரும்பியவர்கள். நடுவழியில் சிக்கிக்கொண்டவர்களின் போன் உங்கள் அலுவலகம் பூட்டிய நேரத்தில் எங்களுக்கு வருகிறது.

இந்த டூரில் போகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீட்டு உம்மாமார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் அப்பத்தாக்கள், முதல் தடவை பாஸ்போர்ட் எடுத்தவர்கள். விமானத்தில் இவர்களை அனுப்புவதில் பெரிய சிரமமில்லை. டிக்கெட்டில் வீல்சேர் என்று போட்டால் விமான நிலையத்தில் ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். பஸ்ஸுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. இது உங்கள் தாளில் எங்கும் இல்லை.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் பாலம் 1924-ல் திறக்கப்பட்டது. பாலம் என்று சொன்னாலும் கடலில் கல்லைக் கொட்டி அடைத்துப் போட்ட பாதை அது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நம் பாம்பன் ரயில் பாலத்தில் பாதி. மேற்கே துவாஸ் பக்கம் 1998-ல் வந்த இரண்டாவது பாலம் ஏறக்குறைய பாம்பன் அளவு. இரண்டையும் பஸ் சில நிமிடத்தில் கடந்துவிடும். நேரம் போவதெல்லாம் இரண்டு முனையிலும் இருக்கிற இமிகிரேஷன் கட்டடங்களில்தான். நெரிசல் இல்லாத நாளில் கோலாலம்பூர் போய்ச் சேர ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். நெரிசல் உள்ள நாளில் பார்டர் மட்டுமே இரண்டு மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும். உங்கள் தாளில் ‘5 மணி நேரம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது.

பயணிக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: பஸ் அவரைப் பார்டர் தாண்டிக் கொண்டுபோய் விடாது. அவரேதான் நடந்து தாண்ட வேண்டும். பஸ் மறுபக்கம் வந்து நிற்கும். அதுவும் இரண்டு தடவை. சிங்கப்பூர் கட்டடத்தில் எல்லோரும் இறங்க வேண்டும். பாஸ்போர்ட், பஸ் டிக்கெட், கைப்பை மட்டும் போதும். பெரிய பெட்டி பஸ்ஸின் அடியிலேயே இருக்கலாம். மேலே ஏறி, வெளியேறும் பதிவு முடித்து, கீழே வந்து அதே பஸ்ஸைத் தேடி ஏற வேண்டும். பாலம் தாண்டியதும் மலேசியக் கட்டடம். அங்கே பெட்டி, மூட்டை, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். இமிகிரேஷனில் இரண்டு ஆள்காட்டி விரல் ரேகையும் வைத்து, பெட்டிகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் விட்டு எடுத்து, திரும்பக் கீழே பஸ் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். திரும்பி வரும்போது இது தலைகீழ்: மலேசியாவில் பெட்டி பஸ்ஸிலேயே இருக்கும், சிங்கப்பூரில் இறக்க வேண்டும். ‘கிளம்புகிற நாட்டில் பெட்டி பஸ்ஸில், நுழைகிற நாட்டில் பெட்டி கையில்’ என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும். பணமும் நகையும் மருந்தும் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும், எந்த நாடாக இருந்தாலும் சரி.

இதைச் சொல்லாததால் என்ன நடக்கிறது? நம் ஊரிலிருந்து போகும் பெட்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்று. அதோடு நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே கருவாடு, பனங்கற்கண்டு, அரைத்த மசாலா, ஊறுகாய். விமானத்தில் அது பெல்ட்டில் போய் பெல்ட்டில் வந்துவிடும். மலேசியக் கட்டடத்தில் அதை ஒரு அறுபத்தைந்து வயது அம்மா தூக்க வேண்டும். ஒரு கையில் சூட்கேஸ் கைப்பிடி, இன்னொரு கையில் கயிறு, பாஸ்போர்ட் வாயிலோ கக்கத்திலோ. எஸ்கலேட்டரில் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. கயிறு விரலில் அறுக்க, பெட்டியைக் கீழே வைத்து நிற்கிறார். பின்னால் வரிசை முட்டுகிறது. லிஃப்ட் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ரேகையையும் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் கைகள், ஓலை முடையும் கைகள், வருடக்கணக்கில் மீன் அரிந்த கைகள்: இவற்றில் விரல் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் உடனே எடுக்காது. துடைத்து வை, அழுத்தி வை என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்பார். அவருக்கு மலாயும் ஆங்கிலமும் வரும். இந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டும். ஆள் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனால், நாலு பேருக்கு இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தில்தான் பஸ் போய்விடுகிறது. பார்டரில் பஸ் காத்திருக்கும் நேரம் பொதுவாக இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதற்கு மேல் தாமதமானால் விட்டுவிட்டுப் போகலாம் என்பது டிக்கெட்டின் விதிகளிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். டிரைவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு இடம் விட வேண்டும். அப்படி விடுபட்டவர் ஜோகூர் பாரு (முதல் பாலத்தின் மலேசிய முனையில் இருக்கும் ஊர்) பக்கம் என்றால் டாக்ஸியோ டவுன் பஸ்ஸோ பிடித்து லார்கின் பஸ் நிலையம் போய், கோலாலம்பூருக்குப் புது டிக்கெட் எடுக்கலாம். கையில் ரிங்கிட் இருந்தால். துவாஸ் பக்கத்து மலேசியச் சாவடியில் அதுவும் கஷ்டம். நடந்து போகிற தூரத்தில் ஊர் இல்லை. அதே கம்பெனியின் அடுத்த பஸ் ஏற்றிக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் மஞ்சள் நிற டவுன் பஸ்ஸில் புக்கிட் இண்டா வரை போய் அங்கிருந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டு பாதையில் உங்கள் பஸ் எது வழியாகப் போகிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுச் சொல்லிவிடலாம். கேட்பதில்லை.

செலவைக் குறைக்க உங்களில் சிலர் கோலாலம்பூர் பஸ்ஸையே எடுப்பதில்லை. 160, 170, 950 நம்பர் டவுன் பஸ்ஸில் ஜோகூர் பாரு போய், லார்கினில் மாறச் சொல்லுகிறீர்கள். இளவட்டங்களுக்கு அது நல்ல வழிதான், மலிவும்கூட. ஆனால் டவுன் பஸ் யாருக்காகவும் நிற்காது. இரண்டு கட்டடத்திலும் பெட்டியோடு இறங்கி, அதே நம்பரில் அடுத்து வரும் பஸ்ஸில், அதே கார்டைத் தட்டி ஏற வேண்டும். தனியார் டவுன் பஸ் என்றால் டிக்கெட்டைத் தொலைக்கக் கூடாது. ‘நாம் வந்த பஸ்’ என்று அந்த வண்டியையே தேடி ஒரு மணி நேரம் நிற்பவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

படிவங்களுக்கு வருகிறோம். எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இதற்குக் காசும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. கவனம் மட்டும் போதும். சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்குள் நுழைய எம்டிஏசி என்கிற மலேசிய டிஜிட்டல் அரைவல் கார்டு. எம்டிஏசி 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். இரண்டும் இலவசம். நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் போட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போதே இரண்டையும் போட்டுவிடுகிறீர்கள். ஆனால் மலேசியாவுக்குள் நுழைவது ஆறாம் நாள். மலேசியா போய்த் திரும்பச் சிங்கப்பூர் வந்து விமானம் ஏறுகிறவருக்கு எஸ்ஜி கார்டு இன்னொரு தடவை போட வேண்டும். முதல் கார்டு முதல் நுழைவோடு முடிந்தது. இதற்கு ‘ஆன்லைன் சார்ஜ்’ என்று தலைக்கு இவ்வளவு என வாங்குவதை நிறுத்துங்கள். வாங்கினால் உங்கள் உழைப்புக்கான கூலி என்று ரசீதில் எழுதுங்கள், அரசுக் கட்டணம் என்று எழுதாதீர்கள்.

எம்டிஏசியில் பயண வகை என்ற இடத்தில் விமானம் என்று போட்டு, திருச்சி விமான நம்பரை எழுதிவிடுகிறீர்கள். பஸ்ஸில் போகிறவருக்கு அது தரைவழி. கடைசியாகக் கிளம்பிய இடம் சிங்கப்பூர். கவுண்டரில் இது பொருந்தாமல் போனால் ஓரமாக நிற்க வைப்பார்கள். பஸ் போய்விடும்.

இதைவிடப் பெரிது மின்னஞ்சல். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னணுப் பாஸாக, அரைவல் கார்டில் கொடுத்த மின்னஞ்சலுக்குப் போகும். நீங்கள் நாற்பது பேருக்கும் உங்கள் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துவிடுகிறீர்கள். நாற்பது பேரின் தங்கும் கெடுவும் உங்கள் இன்பாக்ஸில் கிடக்கிறது. அதற்குரிய அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. விசாவில் இருக்கும் கடைசித் தேதிதான் தங்கும் கெடு என்று அவர் நினைக்கிறார். விசா நுழைய அனுமதி கேட்பதற்கு. தங்கும் நாளைத் தீர்மானிப்பது நுழையும்போது கிடைக்கும் அந்தப் பாஸ். கெடு தாண்டினால் அபராதம், சிறை என்று போகும் நாடு அது. பாஸ் வந்த அன்றே அதை அவரவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, தேதியைத் தமிழில் எழுதிவிட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது. 2023 டிசம்பர் 1-ல் தொடங்கி, இப்போதைய அறிவிப்புப்படி 2026 டிசம்பர் 31 வரை. இதை ‘விசா வேண்டாம், சும்மா போகலாம்’ என்று சுவரொட்டியில் போடுகிறீர்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சான்று, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும் என்பதைப் போடுவதில்லை. இவை உங்கள் கணினியில் இருந்து பயனில்லை. ஜோகூரில் ரோமிங் வேலை செய்யாத போனில் இருந்தும் பயனில்லை. காகிதத்தில், அவரவர் கையில் இருக்க வேண்டும். மலேசிய அதிகாரி உள்ளே விட மறுத்தால் வந்த வழியே சிங்கப்பூர் பக்கம் திரும்ப வேண்டும். சிங்கப்பூர் விசா ஒரே தடவை நுழைவதற்கானது என்றால், அது ஏற்கெனவே பயன்பட்டு முடிந்துவிட்டது. பலமுறை நுழைவு விசாவா, ஒருமுறையா என்று பார்க்காமல் பஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இந்த மடலில் சொல்லாமல் விட முடியாது. இசிஆர் பாஸ்போர்ட் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வைத்திருக்கும் பையன்களை டூரில் சேர்த்து, இந்த பஸ்ஸில் மலேசியாவுக்கு வேலைக்கு அனுப்புகிற வேலையைச் சிலர் செய்கிறார்கள். மலேசியா, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் ஒன்று. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் முதலில் சிங்கப்பூர், பிறகு பஸ், பிறகு 30 நாள் சுற்றுலா நுழைவு, பிறகு உணவகத்திலோ எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலோ வேலை என்று வழி சொல்லிக் கொடுக்கிறார்கள். ‘போய் இறங்கு, முதலாளி பெர்மிட் போட்டுக்கொள்வார்’ என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் காலிங் விசாவோடு (வேலைக்கென முன்பே வாங்கும் விசா) உள்ளே போக வேண்டும். சுற்றுலாவில் நுழைந்தவர் வேலை பார்ப்பது அங்கே குற்றம். கெடு தாண்டித் தங்கினால் அபராதமும் 5 வருடம் வரை சிறையும் உண்டு. டூர் நடத்தும் பதிவு வேறு, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் அனுப்பும் உரிமம் வேறு. அந்த உரிமம் உள்ளவர்கூட ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு, சுற்றுலா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இது எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கஸ்டம்ஸ் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூருக்குள் சூயிங்கம், வாயில் அடக்கும் புகையிலை, வேப் மூன்றும் கூடாது. சிகரெட்டுக்கு வரிச் சலுகையே கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும். கசகசாவை எடுத்துப் போகவே கூடாது, மசாலாவில் அரைத்துக் கலந்ததும்தான். வீட்டில் அரைத்துக் கொடுக்கிறவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இறைச்சி வேண்டாம். தூக்க மாத்திரைக்கும் சில வலி மாத்திரைகளுக்கும் முன்அனுமதி தேவைப்படும். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் போக வேண்டாம்.

நேரத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. வார நாளில் விடிகாலை ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிற கூட்டம். சாயங்காலம் அது திரும்பும். ஆகவே சிங்கப்பூரிலிருந்து கிளம்ப வார நாள் காலை ஒன்பது, பத்து மணிதான் நல்லது. வெள்ளி மாலையும் சனி காலையும் மலேசியா போக வேண்டாம். ஞாயிறு மாலை சிங்கப்பூர் திரும்ப வேண்டாம். சிங்கப்பூர் பள்ளி விடுமுறை மார்ச், ஜூன், செப்டம்பர், நவம்பர்–டிசம்பரில் வரும், அப்போது பார்டரில் கூட்டம் அதிகம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயத்திலும் அப்படித்தான். நம் பள்ளி திறக்கும் முன் என்று மே கடைசி சனிக்கிழமையில் பஸ் போட்டால், அவர்களுடைய ஜூன் விடுமுறைக் கூட்டத்தில் போய் விழுவோம்.

பஸ் ஏறும் இடத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். சில தாள்களில் இன்னும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் என்றே இருக்கிறது. அந்தக் கட்டடத்தைக் கடைக்காரர்கள் 2023-லேயே காலி செய்துவிட்டார்கள். பக்கத்துக் கோல்டன் மைல் டவரிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் பஸ்கள் கிளம்புகின்றன. உங்கள் பஸ் எங்கிருந்து என்று எழுதுங்கள். கோலாலம்பூரில் இறங்குமிடம் பெரும்பாலும் டிபிஎஸ் என்கிற பஸ் நிலையம், அது ஊர் நடுவில் இல்லை. விமான நிலையத்துக்கு அங்கிருந்தே ரயில் உண்டு.

நாங்கள் கேட்பது இவை. அறுபது வயது தாண்டியவர்களோ தமிழ் மட்டும் தெரிந்தவர்களோ இருக்கும் குழுவோடு பஸ்ஸில் ஆள் அனுப்புங்கள். முடியாது என்றால் அவர்களைப் பஸ்ஸில் போடாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஒரு மணி நேரம்தான், அந்த விலை வித்தியாசத்தை முன்பே சொல்லி அவர்களே முடிவு செய்யட்டும். பஸ்தான் என்றால் திருச்சி–சிங்கப்பூர் போய், திரும்புவது கோலாலம்பூர்–திருச்சியாக டிக்கெட் போடுங்கள். பார்டர் ஒரே தடவையோடு முடியும்.

ஆங்கிலத் தாளை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் தமிழ்த் தாள் கொடுங்கள். அதில் பஸ் நம்பர் எழுத ஒரு கட்டம் வேண்டும். இறங்கும் முன் பஸ்ஸின் பின்புறத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பாலம், பஸ் எவ்வளவு நேரம் நிற்கும், விட்டுப் போனால் எங்கே போவது, இரவிலும் எடுக்கும் ஒரு போன் நம்பர், கையில் வைத்திருக்க 100 ரிங்கிட், இவை அதில் இருக்கட்டும். மாசுக் என்றால் உள்ளே, கெலுவார் என்றால் வெளியே, தண்டாஸ் என்றால் கழிப்பறை என்பதையும் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான பஸ்களுக்குள் கழிப்பறை இருக்காது. வழியில் ஒரு தடவைதான் நிறுத்துவார்கள். சர்க்கரை நோயாளிக்கு இது முன்கூட்டித் தெரிய வேண்டும்.

அரைவல் கார்டில் பயணியின் சொந்த மின்னஞ்சலோ, அவர் பிள்ளையின் மின்னஞ்சலோ கொடுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, அவரால் தூக்க முடிந்த எடை என்று கிளம்பும் முன்பே சொல்லுங்கள். விசாவில் ஒருமுறையா பலமுறையா என்று பார்த்து ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தாளில் இல்லாத காரணத்தால் பஸ் விட்டுப் போனால் அடுத்த டிக்கெட்டின் பணம் உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற ஒருவரையும் இந்த பஸ்ஸில் ஏற்றாதீர்கள்.

தமிழ்த் தாளின் மாதிரியை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் கடைகளுக்கே கொண்டுவந்து தருகிறோம். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், அச்சுச் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். அடுத்த குழு கிளம்புவதற்கு முன் உங்கள் பதில் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பயணிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள்